உயிர்ப்பு, எழுப்புதல், மீட்பு: படித்துறைப் பலகைக்கு எந்தச் சொல்?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கோடை விடுமுறை வந்தால் எங்கள் பக்கம் ஆற்றிலும் கிணற்றிலும் பிள்ளைகள் மூழ்கிப்போவது வருடா வருடம் நடக்கிறது. வெளியே தூக்கிப் போட்டதும் பெரிய கூட்டம் கூடும், ஆனால் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் அதில் இருப்பது அபூர்வம். அதனால் முதலுதவி வகுப்பு எடுக்கும் நண்பர்களோடு சேர்ந்து படித்துறைகளில் வைக்க ஒரு பலகை தயார் செய்கிறோம். படங்கள் வரைந்தாகிவிட்டது, 108 என்ற எண்ணும் பெரிதாக இருக்கிறது. தலைப்பில்தான் வந்து நிற்கிறது.

நெஞ்சை அழுத்தி, மூச்சு ஊதிச் செய்கிற இந்த முதலுதவியைச் சிபிஆர் என்று மட்டும் போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. 'இதய நுரையீரல் மீட்பு' என்பது வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. 'புத்துயிர்ப்பு' கேட்க நன்றாக இருக்கிறது, டால்ஸ்டாயின் நாவலுக்குத் தமிழில் வைத்த பெயரே அதுதான். ஆனால் அதைப் படிக்கிறவர் செத்தவரைப் பிழைக்க வைக்கிற சங்கதி என்று எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குத் தயக்கம்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடப்போனால் விஷயம் நீண்டுகொண்டே போகிறது. ரஷ்யாவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே 'ரியனிமாட்சியா' என்றுதான் பெயர், அங்கே வேலை செய்யும் மருத்துவர் 'ரியனிமாட்டோலோக்'. நெகோவ்ஸ்கி என்ற மருத்துவர் 1936இல் மாஸ்கோவில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் தொடங்கியவர், அந்தத் துறைக்குப் பெயர் வைத்தவரும் அவரே. உள்ளே இருப்பது லத்தீன் 'அனிமா', மூச்சுக்கும் உயிருக்கும் ஒரே சொல். ஜெர்மன்காரர்கள் அதையும் சொல்கிறார்கள், 'வீடர்பெலேபுங்' என்று தங்கள் சொல்லாலும் சொல்கிறார்கள், மறுபடி உயிரூட்டுதல்.

இங்கே பல ஊர்க்காரர்கள், பல வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பக்கம் என்ன சொல் புழங்குகிறது என்று எழுதுங்கள்.

இரவுப்பணி:

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். சொல்லுக்கு வருவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். பலகையில் மூச்சு கொடுப்பதும் இருக்கிறதா, நெஞ்சை அழுத்துவது மட்டும்தானா?

ஏன் கேட்கிறேன் என்றால், பயிற்சி இல்லாதவர்களுக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று இப்போது நிறையச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாரடைப்பில் திடீரென்று சுருண்டு விழுந்தவருக்கு அது சரி, அவர் ரத்தத்தில் கொஞ்ச நேரத்துக்குப் பிராணவாயு இருக்கும். தண்ணீரில் மூழ்கியவர் கதை வேறு. அவருக்கு மூச்சு அடைபட்டதால்தான் இதயம் நிற்கிறது. அவருக்கு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும், பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் தொடர வேண்டும். நிமிடத்துக்கு 100இலிருந்து 120 அழுத்தம், பெரியவர்களுக்கு நெஞ்சு குறைந்தது 5 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். கையை மடக்காமல் தோள்பட்டையின் கனத்தை இறக்கினால்தான் அவ்வளவு போகும்.

இன்னொன்றும் கட்டாயம் பலகையில் வர வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டும் கூடாது. தண்ணீரை வெளியேற்றுகிறேன் என்று செலவழிக்கிற அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் மூளை போகிறது. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

வார்டில் எங்களுக்குள் சிபிஆர்தான். வெளியே நிற்கும் குடும்பத்திடம் போய் "இதயம் நின்னுபோச்சு, திரும்ப ஓட வைக்க நெஞ்சை அழுத்திக்கிட்டு இருக்கோம்" என்று சொல்கிறோம். 'உயிர் கொடுக்கிறோம்' என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, அந்த வார்த்தையை நம்பிக் கதவோரம் நிற்பவர்களுக்குப் பிறகு என்ன பதில் சொல்வது? சினிமாவில் கோடு நேராகப் போனதும் ஷாக் வைப்பார்கள், ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நிஜத்தில் அந்த நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதே கிடையாது. தாறுமாறாகத் துடிக்கிற இதயத்துக்குத்தான் அது.

குமரித்தென்றல்:

நாகர்கோவில் பக்கம் சொல்கிறேன். தேவாலயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொற்கள் சின்ன வயதிலேயே காதில் விழுந்துவிடும். ஈஸ்டர் எங்களுக்கு 'உயிர்த்த ஞாயிறு', கத்தோலிக்கர்கள் 'உயிர்ப்புப் பெருவிழா' என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் 'உயிர்ப்பு' தான், 'உயிர்த்தெழுந்நேல்ப்பு' என்று நீட்டியும் சொல்வார்கள்.

பழைய வேதாகமத்தில் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று வரும். உயிர்த்தெழுதல் என்பதில் இரண்டு வினை இருப்பதைக் கவனியுங்கள், முதலில் உயிர்ப்பது, அப்புறம் எழுவது. கிரேக்க மூலத்தில் இருக்கும் 'அனாஸ்தாசிஸ்' என்ற சொல்லுக்கு எழுந்து நிற்பது என்றுதான் பொருள், மூச்சும் இல்லை உயிரும் இல்லை. அனஸ்தாசியா என்று பெண்களுக்கு வைக்கிற பெயர் அதிலிருந்து வந்ததுதான். லத்தீன்வழி வந்த 'ரெசரெக்சன்' என்ற ஆங்கிலச் சொல்லும் எழுவதைத்தான் சொல்கிறது. தமிழில் பெயர்த்தவர்களுக்கு வெறும் 'எழுதல்' போதவில்லை, முன்னால் உயிரைச் சேர்த்திருக்கிறார்கள். இந்திக்காரர்கள் 'ஜீ உட்னா' என்பதும் அச்சு அசல் இதே கட்டு.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் யவீருவின் மகளைக் கையைப் பிடித்து "தலீத்தா கூமி" என்று அழைக்கும் இடம் இருக்கிறது. சிறுபெண்ணே எழுந்திரு. அது இயேசு பேசிய அராமிய மொழியை அப்படியே விட்டுவைத்த வரி. தூங்குகிற பிள்ளையை அம்மா எழுப்புகிற அதே வார்த்தை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சீர்திருத்தச் சபைகளில் இன்னொரு சொல் உண்டு, 'எழுப்புதல்'. எழுப்புதல் கூட்டம், எழுப்புதல் ஜெபம் என்று சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள். 1860இல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் முன்னின்று நடந்த எழுப்புதலை எங்கள் பக்கம் இன்றும் பேசுவார்கள். அங்கே எழுப்பப்படுவது செத்தவர் இல்லை, நம்பிக்கை தளர்ந்த ஒரு சபை.

காயல்காற்று:

குமரித்தென்றல் சொன்ன 'கூமி' இருக்கிறதே, அதே வேர்தான் அரபியில் 'கியாமா'. நாங்கள் கியாமத்து நாள் என்கிறோமே, எல்லோரும் எழுந்து நிற்கும் நாள். ஜெருசலேமில் இயேசுவின் கல்லறை இருந்ததாக நம்பப்படும் தேவாலயத்தை மேற்கு நாட்டவர் கல்லறையின் பெயரால் அழைக்கிறார்கள். அரபி பேசும் கிறிஸ்தவர்களுக்கு அது 'கனீசத் அல் கியாமா', எழுந்த இடத்தின் கோயில். கிரேக்கர்களும் அனாஸ்தாசிஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஒரே கட்டடம், ஒருவர் பார்ப்பது குழி, மற்றவர் பார்ப்பது எழுந்தது.

நான் வளைகுடாவில் இருக்கிறேன். இங்கே இதய நுரையீரல் முதலுதவிக்கு 'இன்ஆஷ்' என்ற சொல். இதன் வேர் எனக்கு மிகவும் பிடித்தது. அதே வேரிலிருந்துதான் 'நஃஷ்' வருகிறது, நஃஷ் என்றால் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, தூக்கிப்போகும் பெட்டி, நம் ஊரில் சந்தூக் என்போம். வேரின் அடிப்படைப் பொருள் தூக்குதல், உயர்த்துதல். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தினால் இன்ஆஷ், இறந்தவரைத் தோளில் தூக்கினால் நஃஷ். வானத்தில் நாம் சப்தரிஷி மண்டலம் என்கிற ஏழு நட்சத்திரங்களை அரபிகள் 'பனாத் நஃஷ்' என்பார்கள். நான்கு நட்சத்திரங்கள் சந்தூக், பின்னால் வரும் மூன்றும் அதைத் தொடர்ந்து போகும் பெண்பிள்ளைகள்.

உயிர்ப்பித்தலுக்கு நேராக 'இஹ்யா' என்ற சொல்லும் உண்டு, இமாம் கஸ்ஸாலியின் பெரிய நூலின் பெயரே மார்க்க அறிவுகளை உயிர்ப்பித்தல் என்பதுதான். எங்கள் வீட்டுப் பேச்சில் ஹயாத்தோடு இருக்கிறார், ஹயாத்து இருந்தால் பார்ப்போம் என்று வருகிற ஹயாத்தும் அந்த வேர்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் இஹ்யா என்று சொல்ல மாட்டார்கள். உயிர் கொடுப்பது இறைவன் வேலை, மனிதன் செய்வது தூக்கி நிறுத்துவது. சொல் உண்டான காலத்தில் அப்படி யோசித்துத்தான் பிரித்தார்களா என்று நான் வாதாட வரவில்லை, இன்றைய புழக்கம் அப்படி இருக்கிறது, எனக்கு அது சரியாகவும் படுகிறது.

ஏட்டுச்சுவடி:

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயிர்த்தல் என்றால் பழந்தமிழில் முதலில் மூச்சு விடுதல். நெடிது உயிர்த்தாள் என்றால் பெருமூச்சு விட்டாள். நெட்டுயிர்ப்பு என்ற சொல்லை இன்றும் எழுதுகிறோம். ஆகவே உயிர்ப்பு என்ற சொல் மூச்சையும் பிழைத்தலையும் சேர்த்தே வைத்திருக்கிறது. வைகைக்கரை தம்பி சொன்ன லத்தீன் சொல்லுக்கு இணை தேடி நாம் அலைய வேண்டியதில்லை.

வள்ளுவர் ஒரு சொல் போட்டிருக்கிறார், காமத்துப்பாலில். "உறுதோறு உயிர்தளிர்ப்பத் தீண்டலால்". அவள் தொடும்போதெல்லாம் உயிர் தளிர்க்கிறது என்கிறான் காதலன். வெயிலில் வாடிக் கிடந்த கொம்பில் இலை விடுவது போன்ற சொல், உயிருக்கு. இதைவிட மென்மையாக யாரும் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை.

கம்பனிடம் போனால் மருத்துமலை. அனுமனை அனுப்பும்போது சாம்பவன் மருந்துகளைச் சொல்கிறான், முதலாவது "மாண்டாரை உய்விக்கும் மருந்து". வால்மீகியில் அது மிருதசஞ்சீவனி. கம்பன் சஞ்சீவனியை விட்டு உய்வித்தல் என்கிறான். உய்தல் என்றால் தப்பிப் பிழைத்தல், கரையேறுதல். செத்தவர் என்று தெரிந்தும் தப்ப வைப்பது என்று சொல்கிறான், காலனிடம் மாட்டியவனை விடுவிப்பது போல.

தேவாரத்தில் மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்வார்கள். திங்களூரில் அப்பூதியடிகளின் மகனைப் பாம்பு கடித்தபோது அப்பர் "ஒன்றுகொலாம்" என்று பாடினார். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளைக்காகச் சுந்தரர் பாடியது, "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே". அங்கே உயிர், எழுதல் எதுவும் இல்லை, கொடுத்துவிடச் சொல் என்று கேட்கிறார், கடன் கேட்பது போல நேராக. காலனையும் சேர்த்து அதட்டுகிறார்.

மயிலாப்பூரில் சம்பந்தர் பாடியதுதான் என் நெஞ்சில் நிற்பது. பூம்பாவை பாம்பு கடித்து இறந்து, எலும்பும் சாம்பலும் குடத்தில் இருக்கின்றன. அந்தக் குடத்தைப் பார்த்து அவர் ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் "காணாதே போதியோ பூம்பாவாய்". இதையெல்லாம் பார்க்காமல் போய்விடுவாயா அம்மா? அவ்வளவுதான் கேள்வி. வா என்று ஒரு வார்த்தை இல்லை, மந்திரம் இல்லை. பிறகு என்ன நடந்தது என்பதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். நான் வகுப்பில் இதை நடத்தும்போது பெண்பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள்.

இரவுப்பணி:

ஐயா, சம்பந்தர் பாட்டை இந்தக் கோணத்தில் நான் பார்த்ததே இல்லை. நினைவு இல்லாமல் கிடப்பவர் காதில் வீட்டு விசேஷத்தைச் சொல்லுங்கள், பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று உறவினர்களிடம் நாங்களும் சொல்கிறோம். அதனால் எழுந்துவிடுவார் என்று வாக்குக் கொடுப்பதில்லை, ஆனாலும் சொல்லச் சொல்கிறோம்.

ஒசாகாவாசி:

ஜப்பானிய மொழியில் 'யோமிகாயெரு' என்று ஒரு வினை. யோமி என்பது அவர்களின் பழைய நம்பிக்கையில் இறந்தவர்கள் இருக்கும் நாடு, காயெரு என்றால் திரும்பி வருதல். அந்த நாட்டிலிருந்து திரும்பி வருவது என்றுதான் இங்கே வழக்கமாக விளக்கம் சொல்கிறார்கள். இதை எழுதப் பயன்படும் எழுத்துகளில் ஒன்றில் 'மறுபடி' என்ற குறியும் 'பிறப்பு, வாழ்வு' என்ற குறியும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நினைவுகள் திரும்பி வந்தன என்று சொல்லவும் இதே வினைதான். ஆனால் ரயில் நிலையத்தில் மாட்டியிருக்கும் முதலுதவி விளக்கத்தில் இது வராது, அங்கே 'ஷின்பை சொசெய்', இதயமும் நுரையீரலும் முதலில் வரும் சீனவழிக் கூட்டுச்சொல்.

பட்டுச்சாலை:

சீனம் படித்தவன் என்ற முறையில் ஒரு கதை சொல்ல வேண்டும், வைகைக்கரையின் தயக்கத்துக்கு இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சீமா சியென் எழுதிய வரலாற்று நூலில், இன்றைக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியது, பியன் சுவே என்ற மருத்துவரைப் பற்றி ஓர் அத்தியாயம் வருகிறது. குவோ என்ற சிற்றரசின் இளவரசன் இறந்துவிட்டான் என்று அரண்மனையே துக்கத்தில் இருக்கிறது. பியன் சுவே வாசலுக்கு வந்து விவரம் கேட்கிறார், அவன் சாகவில்லை என்கிறார். காதுக்குள் ஒலி கேட்கும் பாருங்கள், தொடையின் உட்பக்கம் இன்னும் சூடு இருக்கும் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறார், அப்படியே இருக்கிறது. ஊசி குத்தி, ஒத்தடம் கொடுத்து, மருந்து கொடுத்து அவனை எழுப்பி உட்கார வைக்கிறார். நாடு முழுக்கப் பேச்சு, இவர் செத்தவரைப் பிழைக்க வைக்கிறார் என்று. அதற்கு அவர் சொன்னதாக நூலில் இருக்கும் பதில் இதுதான்: இறந்தவரை உயிர்ப்பிக்க என்னால் ஆகாது, இவன் தானாகவே பிழைக்க வேண்டியவன், நான் எழுந்திருக்க உதவினேன், அவ்வளவே.

சீனத்தில் 'சீ ஸ்ஸ ஹுவெய் ஷெங்' என்று ஒரு தொடர் இன்றும் எல்லோர் வாயிலும் புழங்குகிறது, செத்தவரை எழுப்பி வாழ்வுக்குத் திருப்புவது என்று பொருள். நொடித்துப்போன கம்பெனி நிமிர்ந்தாலும், தோற்கவிருந்த அணி ஜெயித்தாலும் அதைச் சொல்வார்கள். இந்தக் கதையோடு சேர்த்துத்தான் அந்தத் தொடரை எனக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். ஊர் கொடுத்த பட்டம் ஒன்று, மருத்துவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னது வேறு ஒன்று. பலகையில் மருத்துவர் சொன்ன பக்கம் நில்லுங்கள்.

வைகைக்கரை:

பட்டுச்சாலை, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவிலும் இதே எண்ணம் இருந்திருக்கிறது. 1767இல் ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்களில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றவென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1774இல் லண்டனில் அதேபோல ஒன்று. அந்த லண்டன் சங்கத்தின் முதல் பெயரிலேயே 'மூழ்கி இறந்தவர்போலத் தோன்றுகிறவர்கள்' என்றுதான் இருந்தது. இறந்தவர்கள் இல்லை, இறந்தவர்போலத் தோன்றுகிறவர்கள். அவர்களின் லத்தீன் முத்திரை வாசகம், ஒருவேளை ஒரு சிறு பொறி ஒளிந்திருக்கலாம் என்பது. அந்தக் காலத்தில் உடம்பைச் சூடாக்கினார்கள், வாய்வழி மூச்சு ஊதினார்கள், ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையைக்கூட உள்ளே செலுத்தினார்கள். இதில் புகை தொலைந்தது, மூச்சு ஊதுவது நிலைத்துவிட்டது. நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தும் முறை 1960இல்தான் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களின் கட்டுரையாக வந்தது.

அப்போ 'மீட்பு' பற்றி என்ன சொல்கிறீர்கள்? எங்கள் குழுவில் நிறையப் பேர் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். 'உயிர்மீட்பு' என்று போடலாமா?

நெல்லறை:

வேண்டாம் என்பேன். பேப்பரைத் திறந்து பாருங்கள். "ஆற்றில் மூழ்கிய மாணவன் சடலமாக மீட்பு", "கிணற்றில் விழுந்தவர் உடல் மீட்பு". படித்துறையில் நின்று மீட்பு என்று படிக்கிறவனுக்குத் தீயணைப்புக்காரர் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுவதுதான் கண்முன் வரும்.

குமரித்தென்றல்:

எங்கள் காதுக்கு மீட்பு என்றால் மீட்பர், பாவத்திலிருந்து மீட்பு. பாங்கில் போனால் நகை மீட்பு. நெல்லறை சொன்ன செய்தித்தாள் வழக்கு இரண்டையும்விட வலுவான காரணம். நான் இதுவரை அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன், இப்போது இல்லை.

வடமராட்சி:

எங்கட பக்கம் ஆம்புலன்சை நோயாளர் காவு வண்டி எண்டு எழுதுறது, தீவிர சிகிச்சையை அதிதீவிர சிகிச்சைப் பிரிவு எண்டுறது, செவிலியரைத் தாதி எண்டுறது. இலவச அவசர வண்டிக்கு எண் 1990. நீங்கள் பலகைப் படத்தைப் பொதுவில் பகிர்ந்தால் எண்ணையும் இந்தச் சொற்களையும் மாத்தி இஞ்சையும் வைக்கலாம். கடற்கரைப் பள்ளிக்கூடங்களில் கட்டாயம் வேணும்.

சொல்லைப் பொறுத்தவரை ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன உயிர்ப்பு எனக்குப் பிடிச்சிருக்கு. மூச்சு எண்ட பொருள் அதுக்குள்ள கிடக்கு.

நெல்லறை:

வடமராட்சி சொல்வதோடு சேர்த்து வயல்காட்டுச் சொல் ஒன்றைக் கொடுக்கிறேன். நாற்றுப் பறித்து நட்ட மூன்றாம் நாள் விடுகிற தண்ணீருக்கு 'உயிர்த்தண்ணீர்' என்று பெயர். விதைத்த பயிருக்கும் அப்படித்தான். பறித்து நட்ட நாற்று முதலில் துவண்டு மஞ்சளடித்துக் கிடக்கும், புதிதாகப் பார்ப்பவர் போச்சு என்பார். வேர் அறுந்திருக்கும், அவ்வளவுதான், செத்திருக்காது. அந்த நேரத்துத் தண்ணீர் தவறினால்தான் சாகும். கிடைத்துவிட்டால் சில நாளில் பச்சை பிடிக்கும், பயிர் உயிர் பிடிச்சிருச்சு என்போம். உயிர் கொடுத்தோம் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான், பயிர்தான் பிடித்துக்கொள்கிறது. சீன வைத்தியர் சொன்னதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

மொழிக்காவல்:

ஆளுக்கு மட்டும் இல்லை, மொழிக்கும் இதே பேச்சு நடக்கிறது. நியூசிலாந்தில் மாவோரிகள் தங்கள் மொழியை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவரும் வேலையை 'ஃபாக்காராவோரா' என்கிறார்கள். உள்ளே இருப்பது 'ஓரா', உயிர், நலம், ஆரோக்கியம் எல்லாம் சேர்ந்தது. அவர்களின் வணக்கமான 'கியா ஓரா'விலும் அதே ஓரா. ஹவாயியில் அதற்கு உறவான சொல் 'ஓலா', மொழி வாழ்க என்று சொல்ல அங்கே இதையே பயன்படுத்துகிறார்கள். மாவோரிகள் 1982இல் 'கோஹங்கா ரெயோ', மொழிக்கூடு, என்று மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பாட்டிமார் வந்து உட்கார்ந்து பிள்ளைகளோடு மாவோரியிலேயே பேசுவார்கள். ஹவாயியில் அடுத்த வருடமே அதேபோன்ற பள்ளிகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள்.

அமெரிக்காவின் மயாமியா மக்கள் கதை இந்த இழைக்கு நேராகப் பொருந்தும். தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆட்கள் இருபதாம் நூற்றாண்டில் போன பிறகு மொழியியலாளர்கள் அழிந்த மொழிப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். டேரில் பால்ட்வின் என்பவர் பழைய பாதிரிமார் எழுதிவைத்த அகராதிகளைப் பார்த்துத் தானும் கற்று, வீட்டில் தன் பிள்ளைகளுக்கும் பேசக் கற்றுக்கொடுத்தார். அந்த மக்கள் 'செத்த மொழி' என்ற பேச்சை ஏற்பதில்லை, உறங்கிக்கொண்டிருந்த மொழி என்கிறார்கள். இது ஆறுதலுக்குச் சொல்கிற வார்த்தை என்று சிலர் தள்ளிவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. செத்தது என்று முடிவு கட்டிவிட்டால் அகராதியை அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். உறங்குகிறது என்று நம்பினால்தான் யாராவது போய் எழுப்புவார்கள்.

எபிரேயத்தில் இதற்கும், மூழ்கியவருக்குச் செய்வதற்கும், இறந்தோர் எழுவதற்கும் ஒரே வேர். மொழியின் மறுவாழ்வும் இறந்தோர் எழுதலும் 'தெஹியா', நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது 'ஹஹ்யாஆ'. நெடுநாள் பிரிந்த நண்பரைப் பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தோரை உயிர்ப்பிக்கிறவர் போற்றப்படுக என்று சொல்ல வேண்டும் என்று யூதர்களின் சமய நூலான தல்மூதில் இருக்கிறது. அதே வேர் ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழிக்குப் போய் வீட்டுப் பேச்சாகவும் ஆகிவிட்டது. கடும் வெயிலில் ஒரு குவளை குளிர்ந்த தண்ணீர் குடித்துவிட்டு 'அ மெஹாயே' என்பார்கள். அப்பாடா, இப்பதான் உயிர் வந்துச்சு என்று நாம் சொல்வதேதான்.

காயல்காற்று:

இந்தியில் 'ஜான் மே ஜான் ஆயி' என்பார்கள், தெலுங்கில் 'ப்ராணம் லேச்சி வச்சிந்தி', உயிர் எழுந்து வந்தது என்று. இந்த நிம்மதியைச் சொல்லத் தெரியாத மொழியே இருக்காது போல.

இரவுப்பணி:

நான் ஒரு யோசனை சொல்கிறேன், திட்ட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தலைப்பில் நாம் செய்யப்போவதன் பெயர் எதற்கு? ஓடி வருகிறவர் கண்ணால் பார்ப்பது எதுவோ அதை எழுதுங்கள். "மூச்சு நின்றுவிட்டதா?" இவ்வளவு போதும். கீழே முதல் வரி: தட்டிக் கூப்பிடுங்கள், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டாவது: ஒருவர் 108ஐ அழைக்கட்டும், மற்றவர் உடனே மூச்சு கொடுக்கட்டும். இறந்துவிட்டாரா இல்லையா என்று கூட்டத்தில் யாரும் முடிவு செய்ய வேண்டாம், அது மருத்துவர் வேலை. விட்டு விட்டு வாயைத் திறந்து மூடுகிறாரே என்று மூச்சு இருப்பதாக நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டாம், அது மூச்சே இல்லை.

பெயர் வேண்டும் என்றால் ஓரத்தில் சின்னதாக 'உயிர்ப்பு முதலுதவி, சிபிஆர்' என்று போடுங்கள். உயிர்ப்பு மூச்சையும் சொல்லும், முதலுதவி என்றால் இதற்கு மேலும் உதவி வர வேண்டும் என்பதும் புரியும்.

ஏட்டுச்சுவடி:

நல்ல தமிழ். இதற்கு மேல் நான் திருத்த ஒன்றுமில்லை அம்மா.

வைகைக்கரை:

குழுவில் காட்டினேன், எல்லோருக்கும் சம்மதம். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து, "மூச்சு நின்றுவிட்டதா?" மேலே. தலைகீழாகத் தூக்காதே என்பதற்குச் சிவப்புப் பெருக்கல் குறியோடு தனிப் படம். வடமராட்சி, கோப்பைப் பொதுவில் போடுகிறேன், 1990ஐயும் உங்கள் சொற்களையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

காவிரிமேடு:

இழையை முழுக்கப் படித்துவிட்டு எழுதுகிறேன். ஒகேனக்கல் பக்கமும் இதை வைக்கலாமா? அங்கே குளிக்க வருபவர்களில் கர்நாடகத்துக்காரர்கள் ஏராளம், அதனால் கன்னடத்தில் ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். "உசிராட்ட நிந்தரெ" என்று தொடங்கினால் போதும், மூச்சு நின்றால் என்று பொருள். கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு, நம் பேச்சில் உசிரு என்றால் உயிர், படிக்கத் தெரியாத நம்மாள் பக்கத்தில் நிற்பவர் வாசிக்கக் கேட்டாலும் பிடித்துக்கொள்வார். கன்னட எழுத்தில் தட்டச்சு செய்து தருகிறேன், பரிசல் ஓட்டுகிறவர்களிடம் பேசிப் பலகைக்கு இடமும் பார்க்கிறேன். அளவு என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.